புல் முளைக்காத கிணறு

கிணறுகளுக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்பதற்காகத் திருவனந்தபுரத்தில் கிணற்று நலக் கழகம் என்று ஒன்று இருந்தது. அதில் நாற்பத்தொரு பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் வீட்டிலும் கிணறு கிடையாது. குழாய்த் தண்ணீர் குடிக்கிறவர்தான் கிணற்றைப் பற்றி நடுநிலையோடு யோசிக்க முடியும் என்று அங்கே ஒரு நம்பிக்கை இருந்தது.

சத்தியநேசனுக்கு இப்படி ஒரு கழகம் இருப்பதே தெரியாது. ஆரியசாலைக்குப் பின்னால், மூட்டை வண்டிகள் உள்ளே போய்விட்டுத் திரும்ப முடியாமல் திட்டு வாங்குகிற ஒரு சந்து; அதன் முனையில் அவருடைய டீக்கடை. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து முப்பது வருஷத்துக்கு முன் வந்தவர். சந்துக்குள் ஆறு வீடுகள். ஆறிலும் கொத்தனார் வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வந்த தமிழ்க் குடும்பங்கள். ஆறு வீட்டுக்கும் ஒரே கிணறு. குழாய் கேட்டு எழுதிக் கொடுத்து ஒன்பது வருஷம் ஆகிறது; சந்துக்குள் தோண்டினால் வீடு விழும், வீட்டை இடித்தால் குழாய் தரலாம் என்று பதில் வந்திருந்தது. அதனால் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. கிணற்றடியில் முழங்கால் உயரத்துக்குப் புல் கிடந்தது. வருஷத்துக்கு ஒருவர் வழுக்கி விழுவார். மற்றபடி தண்ணீருக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது.

கழகத்தின் கண்ணில் அந்தப் புல் பட்டது ஐப்பசி மாதத்தில். அது 'தூய கிணறு வாரம்'. மாவட்டத்தில் உள்ள பொதுக் கிணறுகளுக்கெல்லாம் மதிப்பெண் போட்டார்கள். நூற்றுக்கு நாற்பது மதிப்பெண், கிணற்றைச் சுற்றி ஐந்து மீட்டருக்குப் புல் இல்லாமல் இருந்தால் மட்டும் கிடைக்கும். தண்ணீருக்கு மதிப்பெண் இல்லை. தண்ணீர் கிணற்றுக்கு உள்ளே இருப்பது, வாரம் வெளிப்புறத்துக்கானது.

கழகத்தின் துப்புரவு மேஸ்திரி பினு முதுகில் ஒரு தொட்டியைக் கட்டிக்கொண்டு வந்தான். கையில் நீளக் குழாய், முகத்தில் மாஸ்க், காலில் ரப்பர் பூட்ஸ்.

"அரிவாளால அறுத்தாப் போதுமே பினு," என்றார் சத்தியநேசன்.

"அறுக்கணும்னா மூணு திவசம் ஆகும் சேட்டா. அதுக்குள்ள வாரம் தீர்ந்து போகும். இது பத்து மினிட்டு."

"புல்லு மருந்துல்லா? கெணத்துப் பக்கத்துல அடிக்கலாமா? ஒண்ணும் ஆவாதே?"

"ஒண்ணும் ஆகாது. நான்தான் மாஸ்க் போட்டிருக்கேனே!"

பினு சொன்னபடியே பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டுப் போனான். மூன்றாம் நாள் புல்லெல்லாம் மஞ்சளாகிப் படுத்துவிட்டது. நான்காம் நாள் மழை கொட்டியது. கிணற்றுச் சுவரின் அடிப்பக்கம் ஒரு விரிசல் உண்டு. மேட்டிலிருந்து வந்த தண்ணீர் அந்த விரிசல் வழியாக வஞ்சகமில்லாமல் உள்ளே இறங்கியது. மறுநாள் இரண்டு தவளைகள் மல்லாந்து மிதந்தன. கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். இங்கே புல்லை வெட்டச் சோம்பல்பட்டதால் கிளம்பியது.

இதிலெல்லாம் சத்தியநேசனுக்கு இவ்வளவு பதற்றம் வந்திருக்காது, மகள் ஜெபமலர் ஏழாம் மாதத்தில் பேறுகாலத்துக்காக வீட்டுக்கு வந்திருக்காவிட்டால். மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது. மகளுக்கு உளுந்தங்கஞ்சி காய்ச்சுவதிலிருந்து கால் அமுக்கி விடுவதுவரை அவர்தான்.

"அப்பா, வெள்ளத்துல ஒரு மருந்து நாத்தம் அடிக்கு," என்றாள் ஜெபமலர்.

அவர் தண்ணீரை மோந்து பார்த்தார். அடித்தது. உடனே பதிமுகக் கட்டையைப் போட்டுக் கொதிக்க வைத்தார். தண்ணீர் அந்த ஊர் ஹோட்டல்களில் கொடுப்பதுபோல நல்ல இளஞ்சிவப்பாக வந்தது. பார்க்கவே ஆரோக்கியமாக இருந்தது. மாதப் பரிசோதனைக்குப் போன இடத்தில் டாக்டரம்மாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கொதிக்க வெச்சாக் கிருமி சாகும். மருந்து சாகாது. வெள்ளம் வற்ற வற்ற மருந்து கெட்டியாத்தான் ஆகும். என்ன மருந்து அடிச்சாங்க?"

"தெரியாது டாக்டர்."

"சில மருந்து கிட்னியைக் கெடுக்கும். சிலது வயித்துல இருக்கிற பிள்ளையோட வளர்ச்சியைப் பாதிக்கலாம்னு சந்தேகம் உண்டு. எதுன்னு தெரியாம நான் மேல ஒண்ணும் சொல்ல முடியாது. தெரியிற வரைக்கும் இந்தப் பெண்ணு அந்த வெள்ளத்தைத் தொடக் கூடாது. வேற யாரும் குடிக்க வேண்டாம்." இதையே ஒரு சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து சத்தியநேசன் விடிந்ததும் பழவங்காடிப் பக்கம் ஒரு ஹோட்டலுக்குப் போய், தெரிந்தவரிடம் கெஞ்சி, இரண்டு கேன் தண்ணீரை சைக்கிளில் தள்ளிக்கொண்டு வந்தார். ஐம்பத்தாறு வயது. ஏற்கெனவே கிணற்றடியில் விழுந்த இடுப்பு. வருகிற வழியெல்லாம் அது முனகியது.

மூன்றாம் நாள் ஜெபமலர் கேனைத் திறக்கவில்லை. "அடுத்த வீட்டுல சபீனா கைக்குழந்தைக்கு அந்த வெள்ளத்துலதான் பால்பவுடர் கலக்கா. அவளுக்க குழந்த அதக் குடிக்கணும், நான் மட்டும் இங்க இருந்து இதக் குடிக்கணுமா? எனக்கு எறங்காது அப்பா."

இரண்டு கேனை ஆறு வீட்டுக்குப் பங்கு வைக்க முடியாது. ஆறு வீட்டுக்கும் தினம் ஒரு தண்ணீர் லாரி வேண்டும். அதைத் தரக்கூடியது கிணற்று நலக் கழகம் ஒன்றுதான் என்று யாரோ சொன்னார்கள். சத்தியநேசன் கடையைப் பூட்டிவிட்டு, டாக்டர் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார்.

கழகத்தில் ஆதர்ஷ் என்ற இளம் உதவி அதிகாரி அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னான். இதற்கே சத்தியநேசன் பாதி கரைந்துவிட்டார். ஆதர்ஷ் சீட்டை இரண்டு முறை படித்தான்.

"இதுல எழுதியிருக்கிறது உங்க மோளைப் பத்தி. நாங்க பார்க்கிறது கிணறு. கிணத்துக்கு ஓ.பி. டிக்கெட் எடுத்தீங்களா?"

"கெணத்துக்கா?"

"இல்ல அல்லே? அப்போ இதை வெச்சு ஒண்ணும் செய்ய முடியாது. பரவாயில்ல, ஃபைல்ல வெச்சுக்கறேன்." சீட்டு ஃபைலுக்குள் போனது. அதன் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

"சார், எனக்கு ஒரே ஒரு காரியம் தெரிஞ்சாப் போரும். அந்த வெள்ளத்த எனக்க மவ குடிக்கலாமா, குடிக்கக் கூடாதா?"

"நல்ல கேள்வியாக்கும்," என்றான் ஆதர்ஷ் மனப்பூர்வமாக. "கிணறு கெட்டதுன்னு டெஸ்ட்ல வந்தா மறுநாளே லாரி. சட்டத்துல உண்டு."

"என்ன மருந்து அடிச்சதுன்னாவது சொல்லலாமா?"

ஆதர்ஷ் கொள்முதல் பதிவேட்டை எடுத்துப் பார்த்தான். 'துப்புரவுப் பொருள், திரவம், மஞ்சள் டப்பா' என்று இருந்தது. மஞ்சள் என்பதைச் சத்தியநேசன் மனதில் குறித்துக்கொண்டார். வேறு குறித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

டெஸ்டுக்கு ஆள் வந்து மூன்று பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போனார்கள். சத்தியநேசன் தினமும் பழவங்காடிக்கு சைக்கிள் தள்ளினார். ஜெபமலர் தன் பங்கில் பாதியைச் சபீனாவின் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, தாகமில்லை என்று பொய் சொன்னாள். பதினெட்டாம் நாள் முடிவு வந்துவிட்டதாக ஃபோன் வந்தது.

ஆதர்ஷ் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தான். "சேட்டா, இருபத்திரண்டு சோதனை. எல்லாம் பாஸ்! கிருமி பூஜ்யம். பாசி பூஜ்யம். கொசுப்புழு பூஜ்யம். லேப்ல உள்ளவங்க சொன்னாங்க, அவங்க சர்வீஸ்ல இப்படி உயிரே இல்லாத ஒரு கிணத்தைப் பார்த்ததில்லையாம்!"

"புல்லு மருந்து?"

"அது இருபத்திரண்டுல இல்ல."

"அதத்தானே சார் நான் கேட்டது?"

"படிவத்துல இல்லாததை எப்படிச் சோதிக்கும்? படிவத்துல சேர்க்கணும்னா அது கெடுதல்னு தெரியணும். கெடுதல்னு தெரியணும்னா சோதிக்கணும். நானும் ஒரு ராத்திரி முழுக்க யோசிச்சுப் பார்த்தேன், கேட்டோ. ரொம்ப அழகாப் பொருந்துது."

"நாத்தம் அடிக்கே சார். அதுக்கு ஒரு கட்டம் இருக்கில்லா?"

இருந்தது. வாசனையை, சளி இல்லாத மூன்று அலுவலர் சேர்ந்து மோந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஆனால் மழைக்காலம். நாற்பத்தொரு பேரில் சளி இல்லாதவர்கள் இரண்டே பேர்தான் தேறினார்கள். அதில் ஒருவர் விடுப்பில் இருந்தார். எனவே அந்தக் கட்டத்தில் 'ஆட்சேபம் இல்லை' என்று போட்டுவிட்டார்கள்.

சத்தியநேசன் எழுந்து போகவில்லை. அவருக்குக் கோபப்படத் தெரியாது. ஆனால் உட்காரத் தெரியும். மூன்று நாள் தொடர்ந்து வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். நான்காம் நாள் வேறு வழியில்லாமல் அவரை நிபுணர் குழுவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

பெரிய மேஜை. ஒன்பது நிபுணர்கள். ஒவ்வொருவர் முன்னாலும் சீல் வைத்த தண்ணீர் பாட்டில். இயக்குநர் நடுவில் இருந்தார். கனிவான மனிதர். பேச ஆரம்பித்தால் கண்ணை மூடிக்கொள்வார்.

"இந்தக் கழகம் தொடங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது," என்றார். "இந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு கிணறுகூடக் கெட்டதாக நம் பதிவேட்டில் இல்லை. வேறு எந்த மாவட்டம் இப்படிச் சொல்ல முடியும்? இன்றைக்கு ஒரு கிணறு கெட்டது என்று எழுதினால், இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று மேலே கேட்பார்கள். என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நமக்கே தெரியாதபோது, மேலே உள்ளவர்களுக்கு நாம் எப்படிச் சொல்வது? ஆகையால் நல்லதாக இருப்பது ஒவ்வொரு கிணற்றின் பொறுப்பு. அதை அது செய்யட்டும். நாம் நம் வேலையைச் செய்வோம்."

ஒன்பது பேரும் தலையாட்டினார்கள்.

"சார், எனக்க மவ குடிக்கலாமா?" என்றார் சத்தியநேசன்.

இயக்குநர் கண்ணைத் திறந்தார். "எந்தக் கிணறு இவருடையது?"

ஆதர்ஷ் காகிதங்களை நீட்டினான். இயக்குநர் படித்தார். புல்லுக்கு நாற்பதுக்கு நாற்பது. உயிரினம் பூஜ்யம். மறுபடி படித்தார். பக்கத்து நிபுணரிடம் காட்டினார். அவர் அடுத்தவரிடம் காட்டினார். மேஜை முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது. இயக்குநர் எழுந்து வந்து சத்தியநேசனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மாவட்டத்திலேயே மிகச் சிறந்த கிணற்றை ஒரு டீக்கடைக்காரர் இத்தனை நாள் அடக்கமாக ஒளித்து வைத்திருக்கிறாரே என்று அவருக்குக் குரல் தழுதழுத்தது.

அடுத்த வாரம் சந்துக்குள் பந்தல் போட்டார்கள். மொட்டைத் தரையில் கோலமாவால் வட்டம் போட்டுக் கிணற்றுக்கு மாலை சாத்தினார்கள். செண்டை மேளம் வந்தது. சந்து கொள்ளாததால் பாதிப் பேர் மெயின் ரோட்டில் நின்று வாசித்தார்கள். ஜெபமலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தாள். முதல் பரிசுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சத்தியநேசன் கையில் கொடுத்து, பொன்னாடை போர்த்தி, மைக்கைப் பிடிக்கச் சொன்னார்கள்.

மைக்கில் பேசிச் சத்தியநேசனுக்குப் பழக்கமில்லை. ஆனால் கேட்க வேண்டியது ஒன்றுதான். "இந்த வெள்ளத்தக் குடிக்கலாமா, குடிக்கக் கூடாதா? அத மட்டும் யாராவது சொல்லணும்."

இயக்குநர் மைக்கை வாங்கினார்.

"பாருங்கள், என்ன பணிவு! இவ்வளவு அழகான கிணற்றில் ஒரு வாளியை விடவே இவருக்கு மனசு வரவில்லை. இந்த மனிதரின் உணர்வைக் கழகம் மதிக்கிறது. இன்றுமுதல் இது மாதிரிக் கிணறு! இதில் யாரும் வாளி விடக் கூடாது. வெளியூரிலிருந்து அதிகாரிகள் வந்து பார்ப்பதற்காக இது இப்படியே பாதுகாக்கப்படும்!"

கைதட்டல் முடிவதற்குள் பினு வாளியையும் கயிற்றையும் கழற்றி ஜீப்பில் வைத்தான். கிணற்றின் மேல் இரும்புக் கிராதி போட்டுப் பூட்டினார்கள்.

"அப்ப எங்களுக்கு வெள்ளம்?" என்று சபீனா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கத்தினாள்.

ஆதர்ஷ் சட்டப் புத்தகத்தைப் புரட்டினான். கிணறு கெட்டுப்போனால் அதை நிரூபிக்க வேண்டும். மாதிரிக் கிணறு ஆகிவிட்டாலோ, நிரூபிக்க ஒன்றுமில்லை. அதை இழந்த வீடுகளுக்கு மறுநாள் காலைமுதல் தினமும் ஒரு லாரி தண்ணீர். சட்டத்தில் அப்படியே இருந்தது.

மறுநாள் லாரி வந்தேவிட்டது. ஜெபமலர் ஒரு செம்பு நிறையப் பிடித்து அண்ணாந்து குடித்தாள். சபீனாவின் குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் கலந்தார்கள். சத்தியநேசன் கடைக்குப் பின்னால் போய் நின்று அழுதார். தண்ணீர் விஷம் என்று ஒரு மாதமாகக் கத்தியும் வராத லாரி, தண்ணீர் உசத்தி என்றதும் வந்துவிட்டது. எப்படியோ வந்ததே, அது போதும் என்று முகத்தைக் கழுவிக்கொண்டார். சான்றிதழைக் கடைச் சுவரில் மாட்டினார். மாட்டச் சொல்லி உத்தரவு.

செய்தி ஆரியசாலை முழுக்கப் பரவியது. நாலாம் நாள் அடுத்த சந்திலிருந்து உலகம்மாள் வந்தாள். அவர்கள் சந்திலும் ஒரு கிணறு உண்டு. தண்ணீர் இளநீர் மாதிரி. ஆனால் நாற்பதடி ஆழம். இறைத்து இறைத்து அவளுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. அவள் ஒயர்கூடையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து டீக்கடை மேஜையில் வைத்தாள். மஞ்சள் டப்பா.

"அண்ணாச்சி, எங்க கெணத்தச் சுத்தி ஒரே புல்லு. கடைக்காரரு இதத் தந்தாரு. நீங்க அடிச்சது இதுதானா? சரியாச் சொல்லுங்க, எங்களுக்கும் லாரி வரட்டும்."

சத்தியநேசன் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "அம்மா, அது வெசமாக்கும். தவள செத்து மெதந்துச்சு. எனக்க மவள டாக்டரு குடிக்கக் கூடாதுன்னு சொன்னாவ. கையெடுத்துக் கும்பிடுதேன், அடிச்சிராதிய."

உலகம்மாள் பொறுமையாகக் கேட்டாள். "வெசம்னு காயிதம் இருக்கா?"

காகிதம் கழகத்து ஃபைலில் இருந்தது. கையில் இருந்த ஒரே காகிதம் சுவரில் தொங்கியது. உலகம்மாள் அதை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அதுல மொதப் பரிசுன்னுல்லா போட்டிருக்கு! உங்களுக்கு லாரி வரணும், எங்களுக்கு வரப்படாது. நல்ல மனசு அண்ணாச்சி உங்களுக்கு," என்று டப்பாவை எடுக்கப் போனாள்.

சத்தியநேசன் வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொருவர் பொருளைப் பிடுங்கினார். டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். உலகம்மாள் போட்ட சத்தத்தில் சந்தே கூடிவிட்டது. சான்றிதழின் அடியில் கழகத்தின் ஃபோன் நம்பர் இருந்தது. யாரோ கூப்பிட்டார்கள். சத்தியநேசனின் புகாருக்குப் பதினெட்டு நாள் எடுத்துக்கொண்ட கழகம், அவர் மேல் வந்த புகாருக்குப் பதினெட்டு நிமிஷத்தில் ஜீப்போடு வந்து நின்றது.

"சேட்டா, இது சரியா?" என்றான் ஆதர்ஷ் வருத்தத்தோடு. "மாதிரிக் கிணத்துக்காரரே மத்த கிணறுகளோட முன்னேற்றத்தைத் தடுக்கலாமா? அந்தச் சேச்சியோட டப்பாவைக் கொடுங்க."

சத்தியநேசன் அவனைப் பார்த்தார். இத்தனை நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில் அவருக்கும் கொஞ்சம் விளங்கியிருந்தது.

"தாறேன் சார். எந்தப் படிவத்துல எழுதித் தரணும்?"

ஆதர்ஷின் முகம் மாறியது. "படிவம்...?"

"துப்புரவுப் பொருளு, திரவம், மஞ்ச டப்பா. ஒரு பொதுஜனம் கையில இருந்து இன்னொரு பொதுஜனம் கைக்குப் போவுது. கழகத்து ஆளு முன்னால போவுது. நாளைக்கு மேல யாராவது கேட்டா, சார் என்ன சொல்லுவிய?"

ஆதர்ஷ் யோசித்தான். யோசிக்க யோசிக்க அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அப்படி ஒரு படிவம் கழகத்தில் இல்லை. உருவாக்க வேண்டும். அதற்கு ஒரு துணைக்குழு அமைக்க வேண்டும். டப்பாவை யாரும் தொடக் கூடாது, இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று எழுதி, சீல் வைத்து, இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சந்தோஷமாக ஜீப்பில் ஏறினான். வழக்கு முடியும்வரை உலகம்மாள் சந்தின் கிணற்றில் யாரும் மருந்து அடிக்கக் கூடாது என்றும் தானாகவே ஒரு வரி சேர்த்திருந்தான். அப்படிச் சேர்க்காவிட்டால் துணைக்குழுவுக்கு வேலை இருக்காது.

துணைக்குழு இதுவரை மூன்று முறை கூடியிருக்கிறது. ஜெபமலருக்குப் பெண் குழந்தை பிறந்து தவழ ஆரம்பித்துவிட்டது. உலகம்மாள் இன்னும் நாற்பதடியிலிருந்து நல்ல தண்ணீரை இறைத்துக் குடிக்கிறாள், சத்தியநேசனோடு பேசுவதில்லை.